வெயில் அடிக்குதே, போகலாமா?

கேள்வி: ஜூன் முதல் வாரம் மணாலியிலிருந்து ஹம்ப்டா கணவாய்க்கு நடைப்பயணம். செல்போனில் 'மணாலி: வெயில், 20 டிகிரி' என்று காட்டுகிறது. கிளம்பிவிடலாம்தானே?

பதில்: மணாலி மால் ரோட்டில் ஐஸ்கிரீம் சாப்பிடுவதற்கு என்றால் தாராளமாக! கணவாய் இருப்பது சுமார் 4,270 மீட்டர் உயரத்தில். மணாலியைவிட 2 கிலோமீட்டருக்கும் மேலே. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆறேழு டிகிரி குறையும், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஜூனிலும் அங்கே பனி கிடப்பது சகஜம். பாதை திறந்தாச்சா, அனுமதி உண்டா என்று வனத்துறையிடம் விசாரியுங்கள். நேற்று இறங்கி வந்த வழிகாட்டி கிடைத்தால் விடாதீர்கள், ஓடை எப்படி என்று கேளுங்கள். பனி உருக உருக, காலையில் முழங்கால் அளவு ஓடுகிற தண்ணீர் பிற்பகலில் இடுப்பைத் தொடலாம். உங்கள் ரிட்டர்ன் டிக்கெட் தேதியெல்லாம் அதற்குத் தெரியாது!