ஆவடிக்கு ஃபுல்ஃபார்ம் கிடையாது

சென்னையின் மேற்குப் புறநகர்களைப் பற்றி அதிகம் புழங்கும் தகவல், ஆவடி என்பது ஊர்ப் பெயரே அல்ல, 'ஆர்மர்டு வெஹிகிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டிப்போ ஆஃப் இந்தியா' என்பதன் சுருக்கம் என்பதாகும். திருவள்ளூர் லோக்கல் வில்லிவாக்கம் தாண்டுவதற்குள் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். கேட்பவருக்குப் புல்லரிக்கும். குறை ஒன்றுதான், தகவல் தவறு. டாங்கி என்ற வாகனம் போர்க்களத்துக்கு வந்ததே 1916-இல். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது 1965-இல். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1955 ஜனவரியில், காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடி, சோஷலிச பாணி சமுதாயம் வேண்டுமென்று தீர்மானம் போட்டுக் கலைந்துவிட்டது. ஊர்ப் பெயரோ அதற்கெல்லாம் மூத்தது. எவ்வளவு சொன்னாலும் சுருக்கக் கட்சியார் அசைவதில்லை. நடுவில் 'அம்யூனிஷன்' உண்டா இல்லையா என்பதில் மட்டுமே அவர்களுக்குள் தகராறு.

பூந்தமல்லிக்காரர்களிடம் இதைவிடப் பெரிய சங்கதி இருக்கிறது, அதுவும் உண்மையான சங்கதி. ஆனால் அவர்கள் வாய் திறப்பதில்லை. 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே கடலோர மணல்வெளியைக் கேட்டு வந்தபோது, பேசி முடித்துக் கொடுத்தவர்கள் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரும் அவர் தம்பி ஐயப்ப நாயக்கரும். தம்பியின் ஜாகை பூந்தமல்லி. சென்னை என்ற பெயரோ அவர்களுடைய தகப்பனார் சென்னப்ப நாயக்கருடையது. ஆக, கொடுத்தவரின் ஊர் இன்று வாங்கியவரின் ஊருக்குப் புறநகர். ஆகஸ்டு தோறும் சென்னைக்குப் பிறந்தநாள் கொண்டாடுவோர் பூந்தமல்லிக்கு ஒரு துண்டு கேக்காவது அனுப்பலாம்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே திருமுல்லைவாயில். இங்கே மாசிலாமணீஸ்வரர் கோயில் நந்தி சுவாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. தொண்டைமான் மன்னனுக்குத் துணையாகச் சண்டைக்குக் கிளம்பிய நந்தி அது என்கிறது தலவரலாறு. கருவறைக்கு முன்னால் நிற்கும் இரண்டு தூண்கள் வெள்ளெருக்கு என்பது இன்னும் ஆச்சரியம். எருக்கு ஒரு புதர்ச் செடி. அதில் தூண் செய்வதென்றால் செடி எவ்வளவு காலம் யார் கண்ணிலும் படாமல் வளர்ந்திருக்க வேண்டும்!

தண்டவாளத்தோரம் முளைக்கும் சாதாரண எருக்கிலும் விசேஷம் உண்டு. மாவு பூசியது போன்ற இலையைக் கிள்ளினால் பால் சொட்டும். இதயத்தைத் தாக்கும் நஞ்சு அதில் இருப்பதால் ஆடுமாடு கிட்டே வருவதில்லை. ஆனால் இலையைத் திருப்பினால், வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டைகளும் முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்புகளுமாக ஒரு புழு நிதானமாக மென்றுகொண்டிருக்கும். வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு அது. தின்ற நஞ்சை உடம்பிலேயே சேர்த்துவைத்துக்கொள்வதால், பட்டாம்பூச்சியான பிறகும் ஒரு முறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை தொடாது. எருக்கைத் தீண்டவே தீண்டாத வேறோர் இனத்தின் பெண் பட்டாம்பூச்சி வெந்தய வரியனின் ஆரஞ்சு நிறத்தில் பறந்து தப்பித்துக்கொள்கிறது. டிடிஆர் கோட்டை மாட்டிக்கொண்டு வித்தவுட்டில் போவது போன்ற ஏற்பாடு. ஆண் பூச்சிக்கு இந்தத் துணிச்சல் கிடையாது. அது சொந்தக் கறுப்புச் சட்டையிலேயே திரிகிறது.

இந்த வட்டாரத்தின் தொழில் விஷயத்தில் அம்பத்தூர் எஸ்டேட் 1964-ஐத் தொடக்கமாகக் காட்டும். ஆனால் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம், பூண்டி அருகே அத்திரம்பாக்கத்தில், உற்பத்தி தொடங்கிச் சுமார் 15 லட்சம் ஆண்டு ஆகிறது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கண்டெடுத்த இடம் இது. தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் தோண்டிக் காலம் கணித்து 2011-இல் அறிவித்தார்கள். மூலப்பொருள் குவார்ட்சைட் கல், சரக்கு கைக்கோடாரி. வேலை பார்த்தவர்கள் நம் இனம்கூட அல்ல. நம் இனம் உருவாகவே அதற்குப் பின் பத்து லட்சம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதுவும் பிடித்ததாகத் தடயமில்லை.