காதும் கணக்கும்

நாடாளுமன்றத்தில் மசோதா நிறைவேறும் முறை எளிது. ஆதரிப்போர் ‘ஆம்’ என்பார்கள், எதிர்ப்போர் ‘இல்லை’ என்பார்கள். எந்தச் சத்தம் பெரிது என்பதை அவையை நடத்துபவரின் காது முடிவு செய்யும். இதற்குக் குரல் வாக்கெடுப்பு என்று பெயர். அந்தக் காதின் மேல் நம்பிக்கை இல்லாதவர் ஆட்சேபித்து, வாக்குகளை எண்ணச் சொல்லலாம். விதியில் அதற்கும் இடமுண்டு.

2020 செப்டம்பர் 20 அன்று மாநிலங்களவையில் இரண்டு வேளாண் மசோதாக்கள் வந்தபோது எதிர்க்கட்சியினர் எண்ணத்தான் சொன்னார்கள். அவரவர் இருக்கையில் இருந்து கேட்டால்தான் எண்ணுவோம் என்று விளக்கம் வந்தது. அந்த அமளியில் யார் இருக்கையில் இருந்தார், யார் இல்லை என்பதே தனி வழக்காகிப் போனது. மசோதாக்களோ குரலிலேயே கரையேறின. மறுநாள் 8 உறுப்பினர்கள் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள்.

பிறகு, அந்த மசோதாக்கள் சட்டமானதை எதிர்த்து விவசாயிகள் டெல்லி எல்லையில் ஓராண்டுக்கு மேல் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு இருக்கை ஒதுக்கப்படாததால் சாலையில். 2021 நவம்பர் 29 அன்று அந்தச் சட்டங்களைத் திரும்பப் பெறும் மசோதா வந்தது. மக்களவையில் விவாதமே இல்லாமல் சில நிமிடங்களில் முடிந்தது. அன்றே மாநிலங்களவையிலும் குரல் வாக்கெடுப்பு.

ஆக, எண்ணாமல் வந்த சட்டம் பேசாமல் போனது. தேர்தலில் நம் வாக்கை ஒன்றுவிடாமல் எண்ணுகிறார்கள். நாம் அனுப்பிவைத்தவரின் வாக்கையும் அப்படியே எண்ணுங்கள் என்று கேட்டால், அது பேராசையா ஐயா?