பதினெட்டு வினாடி வள்ளல்

பினாங்கின் பாகான் டாலாமில் பொன்னாடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதற்கு முழுத் தகுதியுள்ள ஒருவரை மட்டும் இதுவரை யாரும் மேடைக்கு அழைக்கவில்லை. நம் தலைக்குள் குடியிருக்கும் குறுகிய கால நினைவைத்தான் சொல்கிறேன். வாங்கிய எதையும் தனக்கென்று வைத்துக்கொள்ளாத வள்ளல் அவர். பாரி தேரைத்தான் கொடுத்தான். இவர் தேரின் பதிவு எண்ணைக்கூட மிச்சம் வைக்கமாட்டார்.

அவர் கொடைக்கு அமெரிக்காவிலிருந்தே நற்சான்று உண்டு. 1959-இல் உளவியலாளர்களான பீட்டர்சன் தம்பதியர் சோதனைக்கு வந்தவர்களிடம் மூன்றே மூன்று எழுத்துகளைச் சொன்னார்கள். உடனே ஓர் எண்ணிலிருந்து மும்மூன்றாகக் குறைத்துக்கொண்டே போகச் சொன்னார்கள். எழுத்துகளை மனத்துக்குள் சொல்லிப் பார்க்க இடைவெளியே இல்லை. 18 வினாடி கழித்துக் கேட்டபோது, ஏறத்தாழ பத்தில் ஒரு முறைதான் சரியான விடை வந்தது. இவ்வளவு சீக்கிரம் கையைக் காலி செய்த வள்ளல் கடையெழுவரில் உண்டா?

அடக்கமும் அதிகம். அவர் வீட்டில் ஏழு உருப்படி, கூடக்குறைய இரண்டு, தங்கும் என்று ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் வந்து, நான்குக்கு மேல் இடமில்லை என்றார். வள்ளல் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு கிளினிக் முகப்பில் இருக்கும் பெண், நாம் சொல்லும் 12 இலக்க அடையாள அட்டை எண்ணை ஒரே தடவை கேட்டுத் தட்டிவிடுகிறாரே, எப்படி? முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த 07 பினாங்கு. இங்கே அது தெரியாதவர் யார்? இலக்கம் இலக்கமாகச் சுமக்க வேண்டியவை கடைசி நான்கு மட்டுமே. மற்றதைச் சுருக்கிக் கட்டித் தருவது நெடுநாள் நினைவின் உழைப்பு. ஊரான் காசில் அன்னதானம் செய்து பெயர் வாங்குவதும் ஒரு திறமைதான்.

அவர் அருளை நேரில் காண வேண்டுமானால் காலை எட்டு மணிக்கு ஏதாவது ஒரு மாமாக் கடையில் போய் உட்காருங்கள். ஓடர் எடுக்கும் தம்பியிடம் தாளும் இல்லை, பேனாவும் இல்லை. "தே தாரேக் ரெண்டு, கோப்பி ஓ ஒண்ணு, மைலோ ஐஸ் ஒண்ணு" என்று முணுமுணுத்துக்கொண்டே கலக்குபவரை நோக்கி நடக்கிறார். அந்த முணுமுணுப்புக்கு உளவியலில் ஒலிச் சுழல் என்று பெயர். 1974-இல் ஆலன் பேட்லியும் கிரஹாம் ஹிட்சும் முன்வைத்த கோட்பாட்டில் அதற்குத் தனி இடம் உண்டு. உதடு ஓடும்வரை சரக்கு நிற்கும். பாதி வழியில் நாம் விடுவோமா? "தம்பி, இங்க ரெண்டு ரொட்டி சானாய், குழம்பு தனியா!" சுழல் அறுந்தது. கோப்பி ஓ கேட்ட பெரியவருக்கு மைலோ வருகிறது. திட்டு தம்பிக்கு; கத்தியவர் நிம்மதியாகச் செய்தித்தாள் படிக்கிறார்.

இப்பேர்ப்பட்ட வள்ளலின் பெயரைச் சொல்லிப் பிழைப்பவர்கள்தான் இப்போது பெருகிவிட்டார்கள். தீபாவளிக்கு 500 வெள்ளி கைமாற்று வாங்கி, பொங்கல் தாண்டியும் திருப்பித் தராதவர். வரவு செலவுக் கணக்கை அடுத்த கூட்டத்தில் காட்டுவதாக எழுந்து நின்று சொன்னவர். ஓட்டுக் கேட்டு வந்தபோது கால்வாயைச் சரிசெய்வதாகக் கைகுலுக்கிப் போனவர். கேட்டால் எல்லோருக்கும் ஒரே பதில்: "வயசாச்சுங்க, ஞாபகம் நிக்க மாட்டேங்குது."

வள்ளலுக்கு இதைவிடப் பெரிய அநியாயம் இல்லை. அவர் ஆட்சியே அரை நிமிடம்தான். ஐந்நூறு வெள்ளி அவர் கையை விட்டு என்றைக்கோ போய்விட்டது. அது நெடுநாள் நினைவில் பத்திரமாக இருக்கிறது. அந்தக் கதவைத் திறக்கத்தான் வாங்கியவருக்கு மனமில்லை. இதே ஆளிடம் வேறொருவர் பத்து வெள்ளி வாங்கியிருந்தால் தேதியும் கிழமையும் சொல்வார்.

எனவே, கைமாற்று கொடுத்த அன்பர்களே, அடுத்த முறை அவர் நெற்றியைச் சொறிந்தால் கொடுத்த நாளைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். 18 வினாடிக்கு மேல் ஆகியிருந்தால் வள்ளலை விட்டுவிட்டு ஆளைப் பிடியுங்கள்.