நெய்யில் குளித்த டயட்

சர்க்கரைவள்ளிக் கிழங்குக்கு இப்போது நல்ல காலம். ஐம்பது வருடத்துக்கு முன்னால் இரவுச் சாப்பாட்டுக்கு அதை வேகவைத்தவர்கள் வெளியில் சொல்லிக்கொள்ள மாட்டார்கள். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிடும். இன்று அதே கிழங்கை வேகவைப்பவர், அதைப் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்பாமல் தோலை உரிப்பதில்லை. உடற்பயிற்சிக் கூடங்களில் எழுதித் தரும் பட்டியலில் ஓட்ஸுக்கும் முட்டை வெள்ளைக்கும் நடுவில் அது கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

இதை எழுதுபவரின் அக்கா வீட்டுக்காரர் அந்தப் பட்டியலை நம்புகிறவர். நாமக்கல்லில் லாரி உதிரிபாக வியாபாரம். சர்க்கரை ‘பார்டரில்’ நிற்கிறது என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து அரிசியோடு பேச்சுவார்த்தை இல்லை, கிழங்கோடு சம்பந்தம். கொல்லிமலைக்குக் குடும்பத்தோடு கிளம்பியபோதும் மூன்று கிலோ கிழங்கை வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

“மலையில கிடைக்காதுங்களா மாமா?”

“கிடைக்கும். ஆனா என்ன ரகம்னு நமக்குத் தெரியணுமில்ல?”

காரவள்ளியிலிருந்து சோளக்காடு வரை கொண்டை ஊசி வளைவுகள் எழுபது. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். பின்சீட்டில் இருப்பவர்களின் முகம் பச்சையாவதற்கும் அந்தப் பலகைகளுக்கும் ஏதோ தொடர்பு உண்டு. இத்தனை திருப்பத்திலும் மூட்டையிலிருந்து ஒரு கிழங்குகூட உருளாமல் மடியில் பிடித்துக்கொண்டு வந்த மனிதரின் வைராக்கியத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

மேலே போய்ச் சேர்ந்தால், அது கிழங்குகளின் ராஜ்யம். சரிவுகளில் விரல் விரித்த இலைகளோடு ஆளுயரத்துக்கு நிற்கும் செடிகளைப் பார்த்து, “பாரு, எல்லாம் நம்ம கிழங்கு!” என்றார் மாமா. அது மரவள்ளி. அந்தப் பக்கத்துப் பேச்சில் குச்சிக்கிழங்கு. சர்க்கரைவள்ளி தரையில் படரும் கொடி. இரண்டுக்கும் உறவே கிடையாது. மரவள்ளி ஆமணக்குக் குடும்பம். சர்க்கரைவள்ளியோ, வேலியில் ஊதா நிறத்தில் பூத்து மதியத்துக்குள் வாடிவிடும் காலைப்பூக் கொடியின் குடும்பம். பேருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்ட வள்ளியை வைத்து மட்டும் சொந்தம் கொண்டாட முடியாது.

குச்சிக்கிழங்கு அங்கே சமையலுக்காக அவ்வளவு பயிராவதில்லை. பெரும்பகுதி வண்டியேறி ஆலைக்குப் போய் மாவாகவும் ஜவ்வரிசியாகவும் மாறுகிறது. சேலம் பக்கத்தில் இந்தத் தொழில் வேர்விட்டது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், வெளிநாட்டு மாவு வரத்து நின்றுபோனபோது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. மலைக்குள் மரவள்ளி ஏற ஏற, சாமையும் தினையும் கேழ்வரகும் இருந்த நிலம் சுருங்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து மலையாளிப் பழங்குடி விவசாயிகளோடு சேர்ந்து அந்தச் சிறுதானியங்களைக் காப்பாற்றப் பாடுபட்டிருக்கிறார்கள். இதையெல்லாம் மாமாவிடம் சொன்னபோது, “சாமையும் டயட்டுக்கு நல்லதாமே” என்றார். மனிதருக்கு உலகமே ஒரு மருந்துச்சீட்டு.

கொல்லிமலையில் பெயர் பெற்ற இன்னொரு ‘கிழங்கு’ முடவாட்டுக்கால். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணிச் செடியின் தண்டு அது. மேலெல்லாம் பழுப்பு ரோமத்தோடு, வாட்டாத ஆட்டுக்கால் போலவே இருக்கும். ரோமத்தைச் சீவி, நறுக்கி, மிளகு சீரகம் பூண்டு சின்ன வெங்காயம் தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டு, சாலையோரக் கடைகளில் சூப் என்று தருகிறார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்பது கடைக்காரர் வாக்கு. அதற்கு எந்த அளவுக்கு ஆதாரம் இருக்கிறதோ தெரியாது, மிளகுக் காரத்துக்கு நூறு சதவீதம் இருக்கிறது. மாமா இரண்டு டம்ளர் குடித்தார். எழுபது வளைவிலும் கையில் மூட்டையைப் பிடித்து வந்த வலி குறைந்ததாகவும் அறிவித்தார்.

மலையிலுள்ள செம்மேட்டில் குதிரைமேல் மன்னர் வல்வில் ஓரி சிலையாக நிற்கிறார். கடையெழு வள்ளல்களில் ஒருவர். ஒவ்வோர் ஆடி மாதமும் அரசே அவருக்கு விழா எடுக்கிறது. அவர் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று வரிசையாகத் துளைத்துக்கொண்டு போனதாகப் புறநானூற்றின் 152-ஆம் பாட்டு சொல்கிறது. இவ்வளவு பெரிய வள்ளலுக்கும் சர்க்கரைவள்ளியின் ருசி தெரிந்திருக்காது. அது அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸ் அந்தப் பக்கம் போய்வந்த பிறகு, போர்த்துகீசியர் கப்பலில்தான் இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டும். சங்கப் பாட்டுகளில் வரும் வள்ளிக்கிழங்கு காட்டில் தானே விளைகிற வேறு இனம். யாழ் மீட்டுவோருக்கு யானையையே பரிசாகக் கொடுத்த மன்னரால், நெய் விட்ட ஒரு சர்க்கரைவள்ளிப் போளி கொடுத்திருக்க முடியாது. இந்த ஒரு விஷயத்தில் அக்கா ஓரியைவிடக் கொடையாளி.

அக்காவிடம் வருவோம். வாடகைக்கு எடுத்த வீட்டில் விறகடுப்பு இருந்தது. அதைக் கண்டதும் அவர் கொண்டுபோயிருந்த குக்கரைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டார். நகரத்துச் சமையலறையில் கிழங்கு குக்கருக்குள் போய் மூன்று விசிலில் வெளியே வந்துவிடும். வெந்திருக்கும், ஆனால் இனித்திருக்காது. காரணம் அக்காவுக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். வேதியியலில் அது இப்படி: கிழங்குக்குள் மாவுச்சத்தை வெட்டி மால்டோஸ் என்ற சர்க்கரையாக்கும் நொதி ஒன்று இருக்கிறது. சுமார் 65 டிகிரியில் மாவுச்சத்து இளகத் தொடங்கும்போது அது வேலையை ஆரம்பிக்கும். 80 டிகிரியை நெருங்கினால் அதுவே செத்துப்போகும். இந்த இடைவெளியில் கிழங்கு எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவு இனிப்பு. குக்கர் அந்த இடத்தில் நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ரயில். தணலோ எல்லா நிலையத்திலும் நின்று, டீ குடித்துவிட்டுப் போகும்.

ராச்சாப்பாடு முடிந்தபின் அடுப்பில் மிஞ்சிய தணலைச் சாம்பலோடு கிளறி, விரல் கனமுள்ள ஒல்லிக் கிழங்குகளை உள்ளே புதைத்தார் அக்கா. கனத்த கிழங்கு வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும் என்பதால் அவை மறுநாள் போளிக்கு. ஒரு மணி நேரத்தில் தோல் சுருங்கி, நுனியில் பாகு கசிந்து கறுத்திருந்தது. ஊதி ஊதித் தோலைக் கிள்ளினால் உள்ளே நெகிழ்ந்துபோன சதை. வெளியே மலைக்குளிர். மாமா முதல் கிழங்கில் கண்ணை மூடினார், இரண்டாவதில் “சுட்டதுல எண்ணெயே இல்ல பாரு, சுத்த டயட்டு” என்றார், அதன்பிறகு பேசவில்லை.

பாவம், உண்மை வேறு மாதிரி. ஜமைக்காவில் உண்ணப்படும் பத்து ரகக் கிழங்குகளை வைத்து ஒரு ஆய்வு 2011-இல் வெளியானது. சாப்பிட்டபின் ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகத்தைக் காட்டும் கிளைசீமிக் குறியீடு, தண்ணீரில் வேகவைத்த கிழங்குக்கு 41 முதல் 50 வரை இருந்தது. அதையே சுட்டால் 79-இலிருந்து 93. எண்ணெயில் பொரித்ததற்குக்கூட 63 முதல் 77தான்! கிழங்குக்குள் இனிப்பு ஏறியது நாக்குக்கு மட்டுமல்ல, ரத்தத்துக்கும் தெரியும். இதைக் கேட்ட மாமா ஒரு நிமிடம் யோசித்தார்.

“அப்ப சிப்ஸ் போட்டா பரவாயில்லைங்கறாங்க.”

ஆராய்ச்சியாளர்கள் யாருக்காக உழைக்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது.

மறுநாள் போளி. கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய பதார்த்தம் இது. தண்ணீரில் மூழ்க வேகவைத்தால் கிழங்கு நீரைக் குடித்துக்கொண்டு, பூரணம் இளகி, போளி கல்லிலேயே கிழியும். அதனால் இட்லிப் பானையில் தோலோடு ஆவியில்தான் வேகவைக்க வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு மேல் தண்ணீர் 97 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுவதால் மலையில் எதுவும் சற்றுத் தாமதமாகத்தான் வேகும். கிழங்குக்கு அந்தத் தாமதத்தால் ஒரு கெடுதலும் இல்லை. ஆறியதும் தோலை உரித்து நார் எடுத்து மசித்து, வெல்லம், தேங்காய்த் துருவல், ஏலக்காய், ஒரு சிட்டிகை சுக்குப்பொடி சேர்த்துக் கையில் ஒட்டாத பதம் வரை கிளற வேண்டும். சுக்கு வாயுவுக்கு. அதை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு மூடிய காரில் எழுபது வளைவு இறங்குவது விவேகமல்ல. மைதா மாவு நல்லெண்ணெயில் இரண்டு மணி நேரம் ஊறியிருக்கும். அதில் பூரணத்தை வைத்து மூடி, வாழை இலையில் தட்டி, கல்லில் போட்டு, சுற்றிலும் நெய்.

நெய்யைப் பார்த்ததும் மாமாவின் மனசாட்சி விழித்தது. “ஏம்மா, இவ்வளவு எதுக்கு?”

“ஏனுங்க, வைட்டமின் ஏ உடம்புல சேரணும்னா கொழுப்பு வேணும்னு நீங்கதானே போன்ல காட்டுனீங்க?”

அக்கா சொன்னதில் பாதி சரி. வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் கொழுப்பில் கரைந்தால்தான் உடம்பில் சேரும். அந்தச் சத்து நிறைந்த ஆரஞ்சு நிறக் கிழங்கை ஆப்பிரிக்காவில் பரப்பியவர்களுக்குத்தான் 2016-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்திலுள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையமும் பூ சோனா என்ற ஆரஞ்சு ரகத்தை வெளியிட்டிருக்கிறது. ஆனால் மாமா மூன்று கிலோ சுமந்து வந்தது சிவப்புத் தோல், வெள்ளைச் சதை. நம் சந்தைகளில் அதிகம் கிடைப்பது அதுதான். அதில் பீட்டா கரோட்டின் சொற்பம். கரைக்க வேண்டிய சரக்கே இல்லாத இடத்தில் நெய் தன் சொந்தப் பெருமைக்காகத்தான் நின்றது. இதை அப்போது யாரும் மாமாவிடம் சொல்லவில்லை. போளி நன்றாக வந்திருந்தது.

கணக்கு வேண்டுவோருக்கு: நூறு கிராம் கிழங்கில் ஏறத்தாழ 86 கலோரி. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் சுமார் 120. ஆக, மாமாவின் தட்டில் கிழங்குதான் தொட்டுக்கை.

அவரைவிடத் தீவிரமான கிழங்கு ரசிகர்கள் மலையில் உண்டு. ராத்திரியில் காட்டுப்பன்றிகள் வந்து ஒரு கொல்லையை விடிவதற்குள் உழுதுவிட்டுப் போய்விடும். அவற்றுக்கு ரகமும் முக்கியமில்லை, கிளைசீமிக் குறியீடும் முக்கியமில்லை. ஓரி காலத்தில் ஒரு அம்பில் தீர்ந்த விவகாரம், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு கோப்பில் ஏறிவிட்டது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது; ஒன்றிலிருந்து மூன்று வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும்; மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். பன்றிகளுக்குத் தூரம் அளக்கத் தெரியாது என்பதும், கொல்லிமலையில் காப்புக்காடு பெரும்பாலும் கொல்லையின் வரப்பிலேயே தொடங்குகிறது என்பதும் விவசாயியின் கவலை. நம் தட்டுக்கு வரும் ஒவ்வொரு கிழங்கும் அந்தப் பன்றிகளின் கொம்புக்குத் தப்பியது.

தை மாதம் பொங்கலை ஒட்டிச் சந்தையில் கிழங்கு குவியும்போது நிதானமாகப் பொறுக்குங்கள். துளை விழுந்ததைத் தொடாதீர்கள். கூன்வண்டு நுழைந்த கிழங்கு ஒரு துண்டு போதும், மொத்தப் பூரணமும் கசக்கும். வாங்கியதைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம், நடுப்பகுதி எத்தனை வேகவைத்தாலும் கட்டையாகவே நிற்கும். காற்றோட்டமான மூலையில் நாலைந்து நாள் கிடந்தால் இனிப்பு கூடும். டயட் இருப்பவர்கள் தோலோடு வேகவைத்து, ஒரு கிழங்கோடு எழுந்துவிடுங்கள். அது முடியாதவர்கள் தணலில் சுடுங்கள், போளி தட்டுங்கள், நெய்யும் விடுங்கள். அதற்கு வைட்டமினைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.