ரணவைத்திய சிகாமணி

ஓர் ஊரில் வக்கீல் இல்லாமலிருக்கலாம், வாத்தியார் இல்லாமலிருக்கலாம், தபாலாபீஸ்கூட இல்லாமலிருக்கலாம். ஆனால் பிறத்தியார் உடம்பில் ஒரு சொட்டு ரத்தம் கசிந்த மாத்திரத்தில், பேசிக்கொண்டிருந்த வம்பையும் குடித்துக்கொண்டிருந்த டீயையும் அப்படியே விட்டுவிட்டுத் தகரப் பெட்டியும் கையுமாக ஓடிவந்து நிற்கிற ஒரு மகானுபாவர் இல்லாத ஊரை நான் கண்டதில்லை. சிதம்பரத்துக்குக் கிழக்கே, வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் கலக்கும் முகத்துவாரங்களுக்கு நடுவே, ஏறக்குறைய 1,100 ஹெக்டேரில் அலையாத்திக் காடு படர்ந்து கிடக்கும் பிச்சாவரத்தில் இந்த மகானுபாவர் தழைத்து வாழ்வதற்குத் தனிக் காரணமே உண்டு. அங்கே காயம் படுவதற்கு ஒருவர் விசேஷப் பிரயத்தனம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சுரபுன்னையின் தாங்குவேர்களில் அப்பிக்கொண்டிருக்கும் ஆளிச் சிப்பிகளின் விளிம்பு, நாவிதர் சாணை பிடித்த கத்தி போலிருக்கும். சேற்றுக்குள்ளிருந்து வெண்கண்டலின் மூச்சுவேர்கள் குச்சி குச்சியாக மேல்நோக்கி நிற்கும். பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிக்கிற இருளர் குடும்பத்தார் விரல்களைப் பார்த்தால், அந்தக் காயலின் சரித்திரம் முழுவதும் அங்கே தழும்புகளாக எழுதியிருக்கும். இவர்கள் போதாதென்று, படகில் அடக்கமாக உட்கார்ந்து வரும்படி படகோட்டி கெஞ்சியும் கேளாமல், 1975-இல் வந்த 'இதயக்கனி' படம் எடுத்த இடம் இதுதானா என்று எழுந்து நின்று வேரைப் பிடித்து இழுத்துப் பார்க்கிற உல்லாசப் பயணிகள் வேறு.

நம் சிகாமணியைப் படகுத்துறைக்குச் சமீபத்திலுள்ள டீக்கடை பெஞ்சில் எந்நேரமும் தரிசிக்கலாம். அவருடைய ஜீவனோபாயம் இன்னதென்று எவருக்கும் திட்டமாகத் தெரியாது. ஊரார் 'பெரியப்பா' என்று கூப்பிடுவார்கள். ஒரு காலத்தில் பிஸ்கோத்து இருந்த அந்தத் தகரப் பெட்டிக்குள் மஞ்சள் தூள், காப்பித் தூள், வெற்றிலைச் சுண்ணாம்பு, மூக்குப்பொடி மட்டை, டிங்க்சர் புட்டி, கிழித்த வேஷ்டித் துணி, காலாவதித் தேதி எழுதியிருந்த பாகம் வரைக்கும் சுருட்டிப் பிதுக்கப்பட்டுவிட்டபடியால் அந்தத் தேதி என்னவென்று இனி ஈசுவரனும் சொல்ல முடியாத ஒரு களிம்புக் குழாய், இவ்வளவும் இருக்கும். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு கோழியிறகு உண்டு. மருந்து தடவுவதற்கான அந்த இறகு, ஜாதி மத வித்தியாசம் பாராமல், ஊரிலுள்ள சகல புண்களையும் வரிசையாகத் தொட்டு வந்திருக்கிறது. ஒரு புண்ணிலிருந்ததை மறு புண்ணுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கைங்கரியத்தையும் அது சேர்த்தே செய்துவருகிறது என்பது பெரியப்பாவின் கவனத்துக்கு வந்ததில்லை.

சுசுருதர் விரணங்களுக்கு அறுபது உபக்கிரமங்களை வகுத்து வைத்தார். நம்மவர் அவற்றில் ஒன்றையும் அறியாமலே அறுபத்தோராவதாகக் காப்பித் தூளைச் சேர்த்தார். அவருடைய வைத்திய சித்தாந்தம் மிகச் சுருக்கமானது. எரிந்தால் மருந்து, எரியாவிட்டால் ஏமாற்று. ஆகவே நோயாளி 'ஆ'வென்று அலறும்போது பெரியப்பாவின் முகத்தில் பரவும் ஆனந்தம், பூஜை முடிந்து கற்பூரம் காட்டும் குருக்கள் முகத்தில்கூட நான் கண்டதில்லை. ஸ்பிரிட்டும் டிங்க்சரும் திறந்த காயத்தில் கிருமியோடு புதுத் தசையையும் சேர்த்தே வாட்டிவிடும் என்று எந்த டாக்டர் வந்து சொன்னாலும், "அவரு படிச்சுட்டுச் சொல்றாரு, நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்ற ஒரே வாக்கியத்தில் மருத்துவக் கல்லூரி அனைத்தையும் தள்ளுபடி செய்துவிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கல்லூரிப் பையன் ஒருவன் சிப்பியில் உள்ளங்காலை அறுத்துக்கொண்டு படகிலிருந்து நொண்டி இறங்கினான்.

"தம்பி, பதறாதே. காலை அப்படியே காயல்லே விடு. உப்புத் தண்ணி, ஒரு கிருமி நிக்காது."

"சேறா இருக்கே, பெரியப்பா?"

"சேறும் மருந்துதாம்பா!"

மூன்று பக்கமும் தண்ணீர் சூழ்ந்த அந்த இடத்தில், காயத்துக்கு உதவாத தண்ணீர் அது ஒன்றுதான். ஆற்று நீரும் கடல் நீரும் கலந்த வெதுவெதுப்பான உவர்நீரில் விப்ரியோ என்னும் கிருமி வர்க்கம் சௌக்கியமாகக் குடியிருக்கிறது. நீரிழிவுக்காரருக்கும் ஈரல் கெட்டவருக்கும் சின்னஞ்சிறு கீறல் வழியாக உள்ளே புகுந்தால், ஓரிரண்டு நாளில் காலையே வாங்கிவிடக்கூடிய வல்லமை அதில் சில இனங்களுக்கு உண்டு. பையனுக்கு வேண்டியிருந்தது டீக்கடைக் குடத்திலிருந்த குடிதண்ணீர். அதை ஐந்து நிமிஷம் தாரையாக விட்டுக் கழுவி, சுற்றிலும் சோப்புப் போட்டு, மணலும் ஓட்டுத் துணுக்கும் போய்விட்டனவா என்று பார்த்திருந்தால், வைத்தியத்தில் முக்கால் பங்கு முடிந்திருக்கும். ஆனால் குடத்துத் தண்ணீருக்குக் காசு இல்லை, மணம் இல்லை, எரிச்சலும் இல்லை. அதை மருந்தென்று எப்படி மதிப்பது?

ரத்தம் நிற்கவில்லை. சுத்தமான துணியை மடித்து வைத்து, பத்து நிமிஷம் விடாமல் அழுத்தி, காலைச் சற்று உயர்த்திப் பிடித்தால் சாதாரண வெட்டு நின்றுவிடும். பெரியப்பாவும் அழுத்தத்தான் செய்தார், ஆனால் அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் "நின்னுடுச்சா?" என்று துணியைத் தூக்கிப் பார்த்தார். உறையத் தொடங்கிய ரத்தம் துணியோடு பிய்ந்துகொண்டு வந்தது. மறுபடியும் அழுத்தினார், மறுபடியும் தூக்கினார். பொறுமை இழந்து காப்பித் தூளைக் கொட்டினார். காப்பித் தூள் ரத்தத்தை உறிஞ்சியது வாஸ்தவம், பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் பொடியை ஒவ்வொரு துகளாகப் புண்ணிலிருந்து கழுவி எடுத்த நர்ஸம்மா, "காப்பி போட்டாச்சு, சர்க்கரை போடலையா?" என்று கேட்டாராம்.

டி.டி. ஊசி விஷயத்தில் பெரியப்பா போடும் குறுக்கு விசாரணையை ஹைகோர்ட்டிலும் கேட்க முடியாது. "துருப்பிடிச்ச ஆணியா?" என்பார். இல்லை, சிப்பி என்றால், "சிப்பி எங்கேயாவது துருப்பிடிக்குமா? ஊசி வாணாம், போ" என்று தீர்ப்பாகிவிடும். தனுர்வாயுவின் வித்துக்கு இரும்பும் ஒன்றுதான், சிப்பியும் ஒன்றுதான், முள்ளும் ஒன்றுதான். அது மண்ணிலும் சாணத்திலும் வருஷக்கணக்காக உயிரோடு கிடந்து, ஆழமான குத்துக் காயத்துக்காகக் காத்திருப்பது. அழுக்கேறிய காயம் பட்டவர், கடைசியாக ஊசி போட்டு ஐந்து வருஷம் கடந்திருந்தால், துருவைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்காமல் போட்டுக்கொண்டுவிட வேண்டியது. குழந்தைப் பருவத்தில் ஊசியே போடாதவரானால் தாமதிக்கவே கூடாது.

அவருக்கு நியாயம் செய்யவும் வேண்டும். கெளுத்தி முள் குத்திக் கை கடுக்கிறது என்று யாராவது வந்தால், பெரியப்பா டீக்கடைக்காரரை அதட்டி வெந்நீர் வாங்கி, குத்துப்பட்ட கையை அதிலே முக்கச் சொல்வார். அது சரியான சிகிச்சை. அந்த விஷம் சூட்டில் கெட்டுப்போகும் சரக்கு. சுமார் 45 டிகிரி சூட்டில், அதாவது நல்ல கையை விட்டுப் பார்த்துப் பொறுக்கிற சூட்டில், அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை வைத்திருந்தால் கடுப்பு அடங்கும். திருக்கை வால் குத்துக்கும் முதலுதவி இதுவே. முள் உள்ளே முறிந்திருந்தால் மட்டும் நோண்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடலோரத்துப் பாட்டன்மார் கண்ட இந்த உண்மையோடு பெரியப்பா நின்றிருந்தால் அவருக்கு நானே பொன்னாடை போர்த்தியிருப்பேன். அவரோ, கை வெந்நீரில் இருக்கும்போதே, குத்துவாயில் ஒரு சிட்டிகை மூக்குப்பொடியையும் திணித்துவிடுகிறார்.

தில்லை மரத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. சிதம்பரத்துக்கு ஆதியில் பெயர் கொடுத்த அந்த மரம் இன்று கோயிலைச் சுற்றி இல்லை. பிச்சாவரத்துக் காட்டில்தான் இருக்கிறது. அதன் பால் கண்ணில் தெறித்தால் சிறிது காலம் பார்வையையே மறைக்கும். அப்போதும் தேவை குடம் குடமாகச் சுத்தமான தண்ணீரும், அதன்பின் கண் டாக்டரும்தான். பெரியப்பாவோ அந்நேரத்தில் தாய்ப்பால் தேடி, பிள்ளை பெற்ற வீடாகப் பார்த்து ஆள் அனுப்பிக்கொண்டிருப்பார்.

புண்ணை மூடக் கூடாது, "காத்தாட விடணும்" என்பது அவருடைய இன்னொரு வேதவாக்கு. 1962-இல் ஜார்ஜ் வின்ட்டர் என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர், ஈரப்பதம் காக்கும்படி மூடிய காயத்தில், காய்ந்து பொருக்குத் தட்டிய காயத்தைவிட ஏறத்தாழ இரட்டிப்பு வேகத்தில் புதுத் தோல் படர்வதைக் காட்டினார். மெல்லிய பூச்சாக வாஸலீன் தடவி, சுத்தமான துணியால் மூடி, தினம் ஒரு முறையும் நனையும்போதெல்லாமும் மாற்றினால் போதும். இதைப் பெரியப்பாவிடம் விஸ்தாரமாக எடுத்துரைத்தேன். ஆராய்ச்சி யார்மேல் நடந்தது என்று கேட்டார். பன்றிமேல் என்றேன். "அப்போ பன்னிக்குப் போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டு டீயை எடுத்துக்கொண்டார்.

இத்தனைக்கும் அவர் தம் கைம்மருந்துக்கு யாரிடமும் ஒரு காசு வாங்கியதில்லை. ராத்திரி எந்நேரம் கூப்பிட்டாலும் எழுந்து வருவார். அவரிடமுள்ள குறை, சும்மா இருக்கத் தெரியாமைதான்; ரத்தத்தைக் கண்டால் அதன்மேல் ஏதாவது ஒன்றைப் போட்டே ஆக வேண்டும் அவருக்கு.

ஆகையால், 2022-இல் ராம்சார் பட்டியலில் ஏறிய அந்தச் சதுப்புநிலத்தைப் பார்க்கப் போகிற அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். காலில் சிப்பி கிழித்தால் பெரியப்பாவைத் தாராளமாகக் கூப்பிடுங்கள். அவரைவிட விரைவாக ஓடிவரக் கூடியவர் அந்தத் துறையில் இல்லை. வந்ததும், பெட்டியைத் திறக்க விடாமல், ஒரு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவரச் சொல்லுங்கள். அதை ஊற்றும் வேலையையும் அவரிடமே கொடுங்கள். பிறகு மடித்த துணியை நீங்களே அழுத்திப் பிடித்துக்கொண்டு, பத்து நிமிஷம் அவரை ஊர்க்கதை சொல்லச் சொல்லுங்கள். அதற்குள் ரத்தம் நிற்காவிட்டாலும், காயம் வாய் பிளந்து கிடந்தாலும், மறுநாள் வீங்கிச் சிவந்து காய்ச்சல் கண்டாலும், அவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கோழியிறகை மட்டும் வாங்கிக் காயலில் எறிந்துவிடுங்கள்.