பெட்சீற் போர்த்திய மீன்

போன ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எங்கள் வளவு மாமரத்தில் ஏழடி நீள மீன் ஒன்று, நீலப் பூப்போட்ட பெட்சீற்றைப் போர்த்திக்கொண்டு தொங்குகிறது. போர்த்திவிட்டது நான்தான். ஆசைக்குச் செய்யவில்லை. காலை ஆறரைக்கு, தேத்தண்ணியில் இரண்டாவது மிடறு இறங்க முன்னமே, முன்வீட்டுக்காரர் கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"சேர், எனக்கெண்டா ஒரு பிரச்சினையும் இல்ல. ஆக்கள் கதைக்கிறாங்க."

முப்பத்தெட்டு வருஷம் நாவற்குடாவில் இருக்கிறேன். இந்த 'ஆக்கள்' யாரென்று இன்றுவரை நான் கண்டதில்லை. மதிலை உயர்த்தினபோது கதைத்தார்கள். உயர்த்தாமல் விட்ட பக்கத்தைப் பற்றியும் கதைத்தார்கள். இப்போது ஆக்களுக்கு ராவில் நித்திரை இல்லையாம், ஆக்களின் பிள்ளைகளுக்குப் படிக்க ஏலாதாம், ஆக்களுக்குப் பிரஷர் கூடிவிட்டதாம். எத்தனை என்று கேட்டேன். நூற்றறுபதுக்கு நூறு என்று உடனே சொன்னார். ஆக்களின் பிரஷர் அவருக்கு அவ்வளவு பாடம்.

குற்றம் இதுதான். சித்திர வாத்தியாராக இருந்து பென்ஷன் எடுத்தவன் சும்மா இருக்கமாட்டாமல் ஒரு மீன் செய்தேன். இரண்டு சைக்கிள் றிம், பழைய தகரம், செதிலுக்கு இருநூற்றுச் சொச்சம் பால்மா டின் மூடி. மூடி சேர்க்கவே நாலு வருஷம். கொடுவா என்று நினைத்துத்தான் செய்தேன். பார்த்த பிள்ளைகள் எல்லாம் திலாப்பியா என்கிறார்கள். அது கிடக்கட்டும். கச்சான் காற்று எழும்பினால் அத்தனை மூடியும் ஒன்றோடொன்று தட்டி, மீன் பாடும்.

மீன் பாடுவது மட்டக்களப்பில் குற்றமா? மீன்பாடும் தேன்நாடு என்று சொல்லாமல் இங்கே ஒரு மேடைப் பேச்சு தொடங்கியிருக்கிறதா? இலங்கையின் கொலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1848 செப்டெம்பரில் இங்கே வந்து, இரவில் தோணியில் போய், வாவிக்குள்ளிருந்து வந்த ஒலியைக் கேட்டார். ஈர விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் வருமே, அந்த மாதிரி மெல்லிய ஒலி என்று 1859இல் வந்த தன் புத்தகத்தில் எழுதிவைத்தார். பிறகு லாங் என்ற யேசுசபைத் துறவியார் அதைப் பதிவுசெய்ய, இலங்கை வானொலி ஒலிபரப்பியது. நானும் பறுவ இரவில் இரண்டு தரம் கல்லடிப் பாலத்தடிக்குத் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீருக்குள் விட்டு மறுமுனையைக் காதில் வைத்துப் பார்த்தவன். கேட்டது மேலே போன லொறி. டெனன்டுக்கு அன்றைய மீனவர்கள் சொன்னது மீனைப் பற்றியே அல்ல. ஊரி குளறுகிறது என்றிருக்கிறார்கள். சேற்றில் கிடக்கிற ஊரிக்குச் சேரவேண்டிய பெயரை மீன் வாங்கிக்கொண்டது.

ஆக, தலைமுறை தலைமுறையாகப் பாடாத மீனைப் பாடுகிறது என்று பெருமை பேசிய ஊரில், நிச்சயமாகப் பாடுகிற ஒரு மீனை நான் தொங்கவிட்டேன். மூன்றாம் நாள் ஆக்கள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மீனின் மிச்சக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் ஒரு வெருளியின் கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

எங்களுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு மாடிவீடு எழும்புகிறது. எழும்புகிறது என்பது மரியாதைக்கு. இரண்டு வருஷமாகத் தூணும் கம்பியுமாகத்தான் நிற்கிறது. கண்ணூறு படாமலிருக்க மேல்தட்டில் வெருளி கட்டியிருக்கிறார்கள். மண்சட்டித் தலை, கரி மீசை, வைக்கோல் உடம்பு. ஒரு நாள் சந்தையால் வரும்போது நிமிர்ந்து பார்த்தேன். வெருளி போட்டிருந்தது என்னுடைய சேட்டு! இளநீலக் கட்டம், பொக்கற்றில் சிவப்பு மைக்கறை. பிரியாவிடைக் கூட்டத்துக்குப் போட்டுப் படம் எடுத்த சேட்டு. காற்சட்டையும் என்னுடையதுதான். அயன் பண்ணின மடிப்புக்கூடக் கலையவில்லை. மனைவி மேசனுக்குக் கொடுத்திருக்கிறாள். சேட்டு போகட்டும், வைக்கோல் அடைந்தவன் வயிற்றை எப்படி அவ்வளவு சரியாக அளந்தான் என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்த கிழமை மீன்காரத் தம்பி என்னோடு கோபம். "கூனி இருக்கு சேர் எண்டு ரெண்டு தரம் கத்தினன், மேல நிண்டு பார்த்துக்கொண்டே இருந்தீங்க." என்னிடம் படித்த பொடியன் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி அதற்குக் கும்பிடு போட்டிருக்கிறான், எனக்குப் போட்டதில்லை. பழைய சக ஆசிரியர் ஒருவர் போன் எடுத்து, பென்ஷன் காணாமல் மேசன் வேலைக்குப் போகிறேனாம் என்று ஆக்கள் கதைக்கிறார்கள் என்றார். மாரி மழையில் மீசை கழுவுப்பட்டு வெருளிக்கு வயது பத்துக் குறைந்தது. எனக்குக் குறையவில்லை. கதிரையைத் தூக்கிப்போய் இறக்கிவிடுகிறேன் என்று வெளிக்கிட்டேன். "விடுங்க, உங்கள விட அது நேரா நிக்குது" என்றாள் மனைவி. இத்தோடு நிறுத்துகிறேன். இன்னும் ஒன்றே ஒன்று. கண்ணூறு கழிக்கிற சாமான் எவ்வளவு அவலட்சணமோ அவ்வளவு பலன் என்பது இங்குள்ள கணக்கு. அந்தக் கணக்குப்படி ஊரின் கண் முழுவதையும் தாங்குவது என் உருவம். சம்பளமில்லை, படியில்லை, போயா லீவுகூட இல்லை. அதைப் பற்றி மட்டும் ஓர் ஆளும் கதைக்கவில்லை.

முன்வீட்டுக்காரரின் கேற்றுத் தூண்களில் இரண்டு சீமெந்துச் சிங்கங்கள் இருப்பதையும் சொல்லவேண்டும். ஒன்றுக்குப் பல்வலி, மற்றது நாய். அது அலங்காரம். என்னுடையது தொல்லை.

நியாயமாகப் பேசியது பின்வளவுப் பெத்தா ஒருவர்தான். "மனே, எழுபத்தெட்டுச் சூறாவளில தகரம் பறந்த பறப்ப நான் கண்டவள். உன்ட மீன் பறந்தா என்ட கூரைக்குத்தான் வரும்." 1978 நவம்பர் 23 இரவைக் கண்டவர் சொல்லும்போது கலை பேச முடியாது. அன்றே இரட்டைக் கம்பி போட்டு இறுக்கினேன்.

கூரைக்கு மீன் வந்த கதை ஒன்று உண்மையில் இருக்கிறது. ஒக்ஸ்ஃபோர்ட் பக்கம் ஹெடிங்டனில், 1986 ஆகஸ்ட் 9ஆம் திகதி, பில் ஹைன் என்பவர் தன் வீட்டுக் கூரையில் 25 அடிச் சுறாவைத் தலைகுத்தாக நட்டுவைத்தார். ஆபத்து என்றது நகரசபை, ஆராய்ந்தால் ஆபத்தில்லை. அனுமதியில்லை என்றது. வேண்டுமானால் நீச்சல் குளத்தில் வைக்கிறோம் என்றும் கேட்டுப் பார்த்தது. ஆறு வருஷ இழுபறிக்குப் பிறகு 1992இல் மத்திய அரசு சுறா இருக்கட்டும் என்றது. 2022இல் அதே நகரசபை அதை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. முப்பத்தாறு வருஷம்! நான் கணக்குப் பார்த்தேன். எனக்கு அப்போது நூற்றிரண்டு வயதாகும். சண்டிகாரில் உடைந்த வளையலும் பீங்கானும் கொண்டு கற்பூங்கா கட்டிய நேக் சந்த்தான் புத்திசாலி. பக்கத்து வீடே இல்லாத காட்டுக்குள் வருஷக்கணக்காக ஒளித்துச் செய்தார்.

என் மீனுக்கு நகரசபை வரவில்லை, பி.எச்.ஐ. வந்தார். மீனின் வாய்க்குள் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுகிறதாம், யாரோ சொன்னார்களாம். யாரென்று நான் கேட்கவில்லை. ஏணி வைத்து ஏறி, வாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். காய்ந்து கிடந்தது. இறங்குகிற வழியில் ஜன்னலடியில் என் மனைவியின் மணி பிளாண்ட் போத்தலைத் தூக்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார். உள்ளே குடம்பிகள் குடும்பமாக நெளிந்தன. எச்சரிக்கைக் கடிதம் என் பெயருக்கு.

அந்தச் சூடு ஆறமுன்தான் ஞாயிறு வந்தது, முன்வீட்டுக்காரர் வந்தார், நான் பெட்சீற்றைப் போர்த்தினேன். மூடிகளின் சத்தம் நின்றது.

திங்கட்கிழமை ஓட்டோக்காரர் ஒருவர் நிறுத்தி, "யாருட சிலை சேர்? எப்ப திறப்பு?" என்றார். செவ்வாய் சனசமூக நிலையத்துத் தம்பிமார் இருவர், ஒலிபெருக்கி தேவையென்றால் மலிவாகப் பிடித்துத் தரலாம் என்று சொல்லிப் போனார்கள். பிரதம அதிதி யாரென்று மனைவியிடம் கடைக்காரர் விசாரித்திருக்கிறார். நேற்றுக் காலை ஆறரைக்கு மறுபடியும் கேற்றடியில் முன்வீட்டுக்காரர். குளித்து, வேட்டி கட்டி, திருநீறு பூசி நின்றார்.

"சேர், எனக்கெண்டா ஒண்டுமில்ல. முன்வீட்டுக்குக்கூட ஒரு சொல் சொல்லாமத் திறப்புவிழா வைக்கிறாராம் எண்டு ஆக்கள் கதைக்கிறாங்க."