பத்துக்கு எட்டு அண்ணன்

கோவை கிராஸ்கட் ரோட்டுப் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, “தம்பி, போனை ஒரு நிமிசம் குடுங்க” என்று ஒருவர் கை நீட்டினால் பயப்படாதீர்கள். பத்துக்கு எட்டு அண்ணன்தான். உங்கள் போனில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்து, தான் பிடித்துக்கொடுத்த விளம்பரம் எப்படித் தெரிகிறது என்று பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

காந்திபுரத்தில் இந்த ரகம் நிறையவே உண்டு. ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தவர்கள். காலம் மாறியதும் கடைப் போர்டில் ‘டிஜிட்டல் மார்க்கெட்டிங்’ என்று ஒரு வரி சேர்த்தார்கள்; மனசுக்குள் இருக்கும் அளவை மட்டும் மாற்றவில்லை. காதுகுத்தோ கண்ணீர் அஞ்சலியோ, பத்தடிக்கு எட்டடி.

அவர் விளம்பரம் பிடிப்பார். அதை இணையப் பக்கத்தில் உட்கார வைக்கும் டிசைனர் நான்.

“மேல போடறது என்ன சைஸுங் தம்பி?”

“728க்கு 90 பிக்சலுங்ணா.”

“அடில சொல்லுங்க.”

“அடியெல்லாம் கிடையாதுங்ணா. போன்ல அதுவும் கொள்ளாது. பெரும்பாலான போன் அகலம் 360, 400 அந்த வாக்குலதான். அங்க 320க்கு 50.”

சர்வேயர் அளந்து பத்து சென்ட் குறைகிறது என்று சொன்னதுபோல முகம் சுருங்கிவிட்டது. “காசு ஒண்ணுதானுங்களே வாங்கறோம்? கம்ப்யூட்டர்ல மெத்த வீடு, போன்ல திண்ணையா?”

பெரியதையே போனிலும் போடச் சொன்னார். போட்டேன். பக்கம் முழுக்க இடமும் வலமுமாக ஆடியது. சுருக்கச் சொன்னார். சுருக்கினேன். நகைக்கடையின் நம்பர் எறும்பு வரிசையாகிவிட்டது.

ஒரே பக்கம் எல்லாத் திரைக்கும் தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டும் என்று வெப் டிசைனர் ஈதன் மார்காட் எழுதியது 2010இல். எழுத்தும் படமும் அவர் பேச்சைக் கேட்டுச் சுருங்கின. விளம்பரம் கேட்கவில்லை, ஏனென்றால் அது அளவு பேசி விற்ற சரக்கு. ஆதிகாலத்தில் பரவலாக இருந்த பேனரே 468க்கு 60. இன்றைய போனில் அதுவும் நிற்காது. எனவே ஒரு விளம்பரத்துக்கு மூன்று அளவில் மூன்று படம் செய்து, திரையைப் பார்த்து மாற்றிப் போடுவதுதான் வழி என்றேன். அண்ணனுக்கு முதல் முறையாக முகம் மலர்ந்தது. “அப்ப மூணு ரேட்டு வாங்கலாமுங்களா?”

அடுத்த சண்டை பக்கவாட்டு விளம்பரம். 160க்கு 600, செய்திக்குப் பக்கத்தில் தென்னை மரம்போல நிற்கும். போனில் பக்கம் என்பதே இல்லை, மேலும் கீழும்தான்; அதனால் அது செய்தியெல்லாம் முடிந்து அடியில் போய் விழுந்தது. “காந்திபுரத்துல கடை கேட்டவனுக்கு ஒண்டிப்புதூர்ல குடுத்துப்போட்டீங்களே!” என்று அன்று முழுக்கப் பேசவில்லை.

அவரை வழிக்குக் கொண்டுவந்தது கொப்பரை விலை. ஒருநாள் காலையில் விலை பார்க்கப் பக்கத்தைத் திறந்திருக்கிறார். விரல் வைக்கும் நேரத்தில் விளம்பரம் தாமதமாக வந்து இறங்கி, எழுத்தையெல்லாம் கீழே தள்ளியது. விரல் பட்டது விளம்பரத்தில். அதுவும் போட்டிக்காரர் பிடித்த விளம்பரம்!

“இதென்னுங் தம்பி அக்கிரமம்?”

“பஸ் ஸ்டேண்டுல சன்னல் வழியா துண்டு போட்டு சீட் புடிக்கறோமில்லீங்ணா? நாம துண்டு போடல. வர்ற விளம்பரத்துக்கு இவ்வளவு உயரம்னு முன்னாடியே எடம் ஒதுக்கோணும்.” கூகுள் 2020இலிருந்து இந்தக் குதிப்புக்கு மார்க்கே போடுகிறது, 0.1க்குள் இருந்தால்தான் பாஸ் என்றும் சொன்னேன். அது அவருக்கு ஏறவில்லை. துண்டு ஏறியது.

துண்டு போட்டோம். நான்காம் நாள் கூப்பிட்டார். “வெறுங் கட்டம் ஒண்ணு தெரியுதுங்களே, அதுக்கு யாரு வாடக தர்றாங்க?”

இப்போது அந்தக் கட்டத்தில் ‘விளம்பரத்துக்கு அணுகவும்’ என்று அவருடைய நம்பர் இருக்கிறது. அளவு 300க்கு 250. கம்ப்யூட்டரிலும் போனிலும் ஒன்றேபோல் நிற்கும். கால்குலேட்டரில் தட்டிப் பார்த்திருக்கிறார்: பத்துக்கு எட்டேகாலுக்குக் கொஞ்சம் மேலே வருகிறது.